காக்கப்பூவா, கவப்பூவா?

இரண்டும் கலப்பின நாய்கள். இரண்டிலும் பாதி பூடில் என்ற சுருள்முடி நாய். மீதிப் பாதியில்தான் சங்கதியே இருக்கிறது.

காக்கப்பூவின் மறுபாதி காக்கர் ஸ்பேனியல். உட்காக் பறவையைப் புதரிலிருந்து கிளப்பிவிட வளர்க்கப்பட்ட வேட்டை நாய். அந்த மூக்கு குட்டிக்கும் வந்துவிடுகிறது. நடைக்குக் கூட்டிப்போனால் ஒவ்வொரு வேலியோரமும் நின்று, வாலை ஆட்டியபடி மண்ணை முகர்ந்து தீர்த்த பிறகுதான் அடுத்த அடி. 1960களிலேயே அமெரிக்காவில் பெயர் பெற்ற கலப்பு இது. தொங்கும் காதுக்குள் ஈரம் தங்கிச் சீழ் பிடிக்கும். வாரம் ஒருமுறை காதைத் தூக்கி முகர்ந்து பாருங்கள், புளித்த வாடை அடித்தால் மருத்துவரிடம்தான்.

கவப்பூ, ஆஸ்திரேலியர் வாயில் கவூடில், மடியில் உட்காரவே பிறந்தது. கவலியர் கிங் சார்லஸ் ஸ்பேனியலின் ரத்தம். அந்த இனத்தை வாட்டும் இதய வால்வு நோயும் கூடவே வரலாம். ஆகவே விலை பேசும் முன் தாய் தந்தையின் இதயப் பரிசோதனைச் சான்றைக் கேளுங்கள். விற்பவர் மழுப்பினால் எழுந்து வந்துவிடலாம்.

முடி உதிராது என்ற விளம்பரத்தை மட்டும் நம்பாதீர்கள். ஒரே ஈற்றில் சுருள்முடிக் குட்டியும் நேர்முடிக் குட்டியும் பிறக்கும். சுருளென்றால் தினமும் சீப்பு. விட்டால் காதுக்குப் பின்னால் சடை.

நாள் முழுக்க ஆளில்லாத வீடென்றால் இரண்டுமே வேண்டாம். மாலையில் ஓட நேரமிருந்தால் என் ஓட்டு காக்கப்பூவுக்கு.