விட்சர்: சிறுகதைகளா, நாவல்களா?

போலந்து எழுத்தாளர் ஆந்த்ஷெய் சப்கோவ்ஸ்கியின் விட்சர் (கூலிக்குப் பேய், அரக்கர்களை வேட்டையாடுபவன்) கதை வரிசையை எங்கே தொடங்குவது என்பதில் வாசகர்கள் இரண்டு கட்சி. என் ஓட்டு சிறுகதைகளுக்கே. நாட்டுப்புறக் கதைகளின் மண்வாசனை அங்கேதான் தூக்கல். 1986இல் வந்த முதல் கதையில், பேயாக மாறிய இளவரசி திரும்பி வந்து படுக்க முடியாதபடி, அவளுடைய கல்லறைப் பெட்டிக்குள்ளேயே விட்சரான நாயகன் ஜெரால்ட் படுத்துக்கொள்கிறான். சேவல் மூன்றாம் முறை கூவும்வரை அவள் வெளியே இருந்தால்தான் சாபம் நீங்கும். இன்னொரு கதையில், போலந்தின் கிராக்கூவ் நகரத்து நாட்டுப்புற டிராகன் கதை தலைகீழாகிறது: விஷம் வைத்த ஆட்டைத் தின்றும் டிராகன் சாகவில்லை!

1994 முதல் 1999 வரை வந்த ஐந்து நாவல்களில் போரும் அரசியலும் அதிகம். அவற்றை 'இழுவை' என்று குறைசொல்பவர்கள் உண்டு. ஆனால் மகள்போல நேசிக்கும் சிரி என்ற சிறுமிக்காக ஜெரால்ட் படும் தவிப்பு நாவல்களில்தான் முழுதாக விரிகிறது. அவர்கள் முதலில் சந்திப்பதோ சிறுகதையில். அதைத் தாண்டிக் குதித்தால் அந்தத் தவிப்பு பாதிதான் புரியும்.