ஆச்சியிடம் வாங்கிய புற்றுக் காளான்

அம்பாசமுத்திரத்திலிருந்து பாபநாசம் போகிற சாலையில் ஒரு புளியமரம். இடியோடு மழை பெய்த மறுநாள் விடிகாலையில் மட்டும் அதன் அடியில் ஒரு ஆச்சி சாக்கை விரித்திருப்பார். ஏழு மணிக்குப் போனால் சாக்குகூட இருக்காது.

கூறு 150 ரூபாய். பெரிதாகக் குடை விரித்ததில் கை வைத்தேன். "அது முத்திட்டுய்யா, மொட்டா எடு" என்றார். விற்கிறவரே இப்படிச் சொல்வது அபூர்வம். காம்பை அவர் நறுக்குவதில்லை. நீண்ட வேர் போலக் கூம்பி, செம்மண்ணோடு இருக்கும். புற்றுக் காளானின் காம்பு மண்ணுக்குள் இறங்கி கரையான் கூட்டில்தான் முடியும். காம்பில்லாமல் குடையை மட்டும் விற்றால் நான் வாங்கமாட்டேன். காளானோடு சேர்த்து வேகவைத்த வெள்ளைப்பூடு கறுக்காவிட்டால் நல்ல காளான் என்பதெல்லாம் சும்மா பேச்சு. கொல்லும் காளானிலும் பூடு வெள்ளையாகவே இருக்கும், அந்த விஷம் வேகவைத்தாலும் போகாது.

குறை உண்டு. கூறின் அடியில் இரண்டு புழு வைத்தவை. காட்டினேன், மாற்றிக் கொடுத்தார், ஆனால் முகம் சுண்டிவிட்டது.

வீட்டில் மண் போக அலசி, கையால் கிழித்து, இரும்புச் சட்டியில் நல்லெண்ணெய், சின்ன உள்ளி, இடித்த நல்லமிளகு. தண்ணீர் விடவே இல்லை, அதுவே விட்ட நீரில் வெந்தது. நாட்டுக்கோழி தோற்றது என்றாள் மனைவி; எனக்கு அவ்வளவு இல்லை, ஆனால் சட்டியை வழித்தது நான்தான்.

போகிறவர்கள் ஓலைப்பெட்டியோ துணிப்பையோ கொண்டு போங்கள். பாலித்தீன் பையில் டவுன் வந்து சேர்வதற்குள் வேர்த்துக் கொழகொழத்துவிடும்.