வேர் டானிக்னு பைக்ல கொண்டு வந்து விக்கிறாங்க, உஷார்

ஒட்டன்சத்திரம் பழனி பக்கம் நாத்து விடுறவங்க இத கொஞ்சம் படிங்க. பைக்ல பேக் மாட்டிட்டு வந்து "அண்ணே இது சாதா டானிக் இல்ல, ஸ்டீராய்டு, ஜிம் பசங்க போடுற மாதிரி, வேர் பிச்சிக்கிட்டு போகும்"னு பேசியே ஒரு லிட்டர் 1,400 ரூபாய்க்கு தலையில கட்டிட்டு போயிட்டான் ஒருத்தன். பில் கேட்டா வெள்ளை பேப்பர்ல எஸ்டிமேட்னு எழுதி குடுத்தான், கையெழுத்து கூட இல்ல. லிட்டருக்கு 5 மில்லி வேர்லயே ஊத்துங்க, ஜாஸ்தியானாலும் ஒன்னும் ஆகாதுன்னான்.

அவன் சொன்னபடியே தான் குழித்தட்டுல தக்காளி நாத்துக்கு ஊத்தினோம். தண்டு மட்டும் வெளிறிப்போய் நீட்டமா போச்சு, கீழ வேர் குட்டையா சுருட்டிக்கிட்டு நின்னுருச்சு. நல்ல நாத்த குழியில இருந்து எடுத்தா வெள்ளை வேர் சுத்தி பிடிச்சு நார்க்கட்டி உடையாம அப்படியே வரும்ல, இது கைல எடுத்ததும் பொலபொலன்னு உதிருது. வெறும் தண்ணி விட்ட பக்கத்து தட்டு நல்லாத்தான் இருக்கு, அதே விதை தான். போன் பண்ணா "உங்க தண்ணி உப்புண்ணே"ங்குறான்!!

செடிக்கு ஸ்டீராய்டு ஹார்மோன் இருக்கிறது உண்மைதான், அதுல பொய் இல்ல. பிராசினோஸ்டீராய்டுனு பேரு, 1979ல அமெரிக்காவுல கடுகு இனத்து ரேப் செடியோட மகரந்தத்துல இருந்து பிரிச்சாங்க, 200 கிலோவுக்கு மேல மகரந்தத்த வச்சு எடுத்தும் கிடைச்சது சில மில்லிகிராம் தான். அவ்ளோ கம்மியிலயே வேலை செய்ற சரக்கு. துளியூண்டு இருந்தா வேர் செல் நீளும், அளவு கூடினா வேர் நுனியில இருக்கிற செல் பிரியாம சீக்கிரமே முத்திப்போய் வேர் நின்னுரும், இந்த லட்சணத்துல ஜாஸ்தியானாலும் ஒன்னும் ஆகாதாம். கடையில ஒழுங்கா வர்ற ஹோமோபிராசினோலைடுங்கிற இதே வகை ஹார்மோன் மருந்தே 0.04% தான், அதாவது ஒரு மில்லியில 0.4 மில்லிகிராம், அதுவும் இலையில தெளிக்கிறதுக்கு. இவன் பாட்டில்ல சதவீதம் இல்ல, பூச்சிமருந்து சட்டப்படி போடவேண்டிய ரெஜிஸ்ட்ரேஷன் நம்பர் இல்ல, பேட்ச் நம்பர் எக்ஸ்பைரி எதுவும் இல்ல, பெருசா ஒரு வேர் படம் மட்டும் தான். உள்ள என்ன எழவ கலந்திருக்கான்னு அவனுக்கே தெரியுமோ என்னமோ.

வேளாண்மை ஆபீஸ்ல சொல்லியாச்சு. திறந்த பாட்டில சாம்பிளா எடுக்க மாட்டாங்களாம், சீல் உடைக்காதத விக்கிறவன்கிட்ட இருந்தே எடுக்கணுமாம். அதனால அவன் உங்க தோட்டத்துக்கு வந்தா திட்டி விரட்டிறாதீங்க, உக்கார வச்சு ஒரு டீய குடுத்துட்டு அந்தப் பக்கம் போய் ஆபீஸுக்கு போன் போடுங்க. பாட்டில் அடையாளம்: பச்சை லேபிள், மஞ்சள் மூடி.