பாண்டலா: இரண்டே தட்டான்கள், இருவேறு எல்லைகள்

பாண்டலா பேரினத்தில் இருப்பவை இரண்டே இனங்கள். மழைக்காலத்தில் நம் திடல்களுக்கு மேல் கூட்டமாகச் சுற்றும் மஞ்சள் தட்டான், பாண்டலா ஃபிளாவெசென்ஸ். மற்றது பாண்டலா ஹைமெனியா. கனடாவின் தென்பகுதி தொடங்கி அர்ஜென்டினா வரை, அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே இருக்கிறது.

அங்கே இரண்டும் ஒரே குட்டைக்கு மேல் பறப்பதால்தான் குழப்பம். பின்னிறகின் அடியில், உடலை ஒட்டிப் பழுப்புப் புள்ளி இருந்தால் ஹைமெனியா என்பது வழக்கமான விதி. விதி சரிதான், ஆனால் மணிக்கணக்கில் உட்காராமல் பறக்கும் பூச்சியிடம் புள்ளியை எங்கே தேடுவது? தலைக்கு மேல் வரும்போது வானத்தின் வெளிச்சத்தில் தெரிந்தால் உண்டு. நிறத்தை முதலில் பார்ப்பதே என் கட்சி. ஃபிளாவெசென்ஸ் பொன்மஞ்சள், ஹைமெனியா சாம்பலும் பழுப்பும் கலந்து மங்கியது, முகம் சிவந்தது. உட்கார்ந்துவிட்டால் இரண்டும் குச்சியில் செங்குத்தாகத் தொங்கும்; அதை வைத்துப் பிரிக்க முடியாது.

பிழைப்பும் ஒன்றுதான். மழையில் தேங்கிய தற்காலிகக் குட்டையில் முட்டை, அது வற்றுவதற்குள் வேகமாக வளரும் இளம்பூச்சி. பளபளக்கும் கார் மேற்பரப்பைத் தண்ணீர் என நம்பி ஃபிளாவெசென்ஸ் அதில் முட்டையிடுவதும் உண்டு. இவ்வளவு தூரம் பறக்கத் தெரிந்ததற்கு இந்த ஏமாளித்தனம்!

தூரத்தில் மட்டும் போட்டியே இல்லை. நன்னீர்நிலைகள் அரிதான மாலத்தீவில் ஒவ்வோர் அக்டோபரிலும் ஃபிளாவெசென்ஸ் திரளாக வந்திறங்குகிறது. இந்தியாவிலிருந்து வடகிழக்குக் காற்றோடு புறப்பட்டு, கிழக்கு ஆப்பிரிக்காவரை போகிறது என்று கடல் உயிரியலாளர் சார்லஸ் ஆண்டர்சன் 2009இல் எழுதினார். சிலியிலிருந்து சுமார் 3,500 கி.மீ. தள்ளியிருக்கும் ஈஸ்டர் தீவில் வாழும் ஒரே தட்டான் இனமும் இதுவே.

அதற்காக ஹைமெனியாவை வீட்டுப்பறவை என்று ஒதுக்கிவிடக் கூடாது. தென்னமெரிக்கக் கரையிலிருந்து ஏறத்தாழ 1,000 கி.மீ. கடல் தாண்டிய கலாபகஸ் தீவுகளிலும் அது இருக்கிறது. இரண்டுக்கும் பின்னிறகின் அடி அகன்றது. காற்றில் மிதக்கத் தோதான அமைப்பு. அப்படியிருந்தும் ஒன்று உலகைச் சுற்ற, மற்றது அமெரிக்காவோடு நின்றுவிட்டதுதான் எனக்குப் பெரிய புதிர்.

நம் ஊரில் பின்னிறகின் அடியில் கறையுள்ள தட்டானைப் படம் எடுத்தால் ஹைமெனியா என்று துள்ள வேண்டாம். ட்ராமியா என்ற வேறொரு தட்டான் பேரினத்தில் தேடுங்கள். பெரும்பாலும் அங்கேதான் விடை கிடைக்கும்.