மீன்தொட்டி விளக்குக்கு டிம்மிங் போர்டு வாங்குவோர் கவனத்துக்கு: எனக்கு 7,400 ரூபாய் போய்விட்டது

மண்டபத்தில் என் வீட்டில் 300 லிட்டர் கடல்நீர்த் தொட்டி வைத்து, பொரிப்பகத்தில் பிறந்த ஒரு ஜோடிக் கோமாளி மீன்களை வளர்த்து வருகிறேன். நான்கு நாட்களுக்கு முன், விளக்கின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க வாங்கிய ஒரு டிம்மிங் போர்டினால் 7,400 ரூபாயை இழந்தேன். அதை நான் வாங்கிய இணையத் தளம் இன்று காலை என் புகாரைத் "தீர்க்கப்பட்டது" என்று எழுதி மூடிவிட்டது.

விளக்குகளைக் கட்டுப்படுத்தும் என் கன்ட்ரோலர் தருவது 5 வோல்ட் பிடபிள்யூஎம் சிக்னல். நொடிக்கு ஏறத்தாழ 490 முறை விட்டுவிட்டு வரும் துடிப்பு. விளக்குகளுக்கு மின்சாரம் ஊட்டும் எல்இடி டிரைவர்கள் கேட்பதோ 0 முதல் 10 வோல்ட் வரையிலான சீரான மின்னழுத்தம். முன்னதைப் பின்னதாக மாற்றுவதுதான் டிம்மிங் போர்டின் வேலை. 10 கிலோ ஓம் ரெசிஸ்டரும் 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் அந்தத் துடிப்பைச் சராசரியாக்கிவிடும்; பாதி டியூட்டியில், அதாவது துடிப்பு பாதி நேரம் மட்டும் இருக்கும்போது, கிடைக்கும் 2.5 வோல்ட்டை ஓர் ஆப்-ஆம்ப் (மின்னழுத்தத்தைப் பெருக்கும் சில்லு) இரட்டிப்பாக்கினால் 5 வோல்ட், அதாவது அரை வெளிச்சம். இதை நானே சால்டர் செய்திருக்கலாம். ஆனால் கன்ட்ரோலர், டிரைவர் என இருபக்கக் கிரவுண்டையும் (பூஜ்ய வோல்ட் இணைப்பையும்) பிரித்துத் தரும் போர்டு என்று விளம்பரத்தில் இருந்ததால், பாதுகாப்பைக் கருதியே 1,450 ரூபாய் கொடுத்தேன்.

வாங்குமுன் விற்பனையாளரிடம் தொலைபேசியில் பேசி, 24 வோல்ட் சப்ளை கொடுக்கலாமா என்று இருமுறை கேட்டேன். "தாராளமா குடுங்க சார், அவுட்புட் பத்து வோல்ட்டத் தாண்டவே தாண்டாது, செட் பண்ணித்தான் அனுப்புறோம், அந்த ஸ்க்ரூவ மட்டும் தொடாதீங்க" என்றார். போர்டில் அவுட்புட்டைக் கூட்டிக் குறைக்கும் திருகைத்தான் சொன்னார். மீன்களைப் பற்றியெல்லாம் அக்கறையாக விசாரித்த அந்தக் குரலை நம்பி, மல்டிமீட்டர் மேசைமேல் இருந்தும் அளக்காமல் இணைத்தேன்.

கோமாளி மீனின் முட்டைகள் விளக்கணைந்த பின், இருட்டில்தான் பொரியும். அன்று, முட்டையிட்ட எட்டாம் நாள். தொட்டிக்குள் வைத்திருந்த ஓட்டில் ஒட்டியிருந்த முட்டைகளுக்குள் வெள்ளிக் கண்கள் மின்னின. அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து பார்த்தபோது இரண்டு விளக்குகளும் உச்சிவெயில் போல் எரிந்துகொண்டிருந்தன. ஆண் மீன் ஓட்டைச் சுற்றிச் சுற்றிப் பதறியது. ஒரு முட்டைகூடப் பொரியவில்லை.

பிறகு அளந்தேன். அவுட்புட் 14.6 வோல்ட். பிரித்திருப்பதாகச் சொன்ன இரு கிரவுண்டுகளுக்கும் இடையே மீட்டர் விடாமல் பீப் அடித்தது; அதாவது இரண்டும் ஒன்றாகவே இணைந்திருந்தன. போர்டிலிருந்த ஐசி சில்லின் மேல் அச்சிட்டிருந்த எண்ணைச் சுரண்டியிருந்தார்கள். தலா 2,975 ரூபாய் டிரைவர்கள் இரண்டிலும் டிம்மிங் பகுதி கருகிவிட்டது. போர்டோடு சேர்த்து 7,400 ரூபாய்.

விற்பனையாளர் முதலில் உப்புக் காற்றைக் குற்றம் சொன்னார். போர்டு என் வீட்டுக்கு வந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. அடுத்து, நான் ஸ்க்ரூவைத் திருப்பியிருப்பேன் என்றார். அதன்பின் அழைப்பை எடுக்கவே இல்லை. பயன்படுத்திய பொருளைத் திரும்பப் பெற இயலாது என்று தளம் கைவிரித்தது. பயன்படுத்தாமல் பழுதை எப்படிக் கண்டறிவது என்ற என் கேள்விக்குப் பதிலே வரவில்லை. நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். 7,400 ரூபாயை விடுவதாக இல்லை.

வாங்குவோர் டிரைவரில் இணைக்குமுன் முழு டியூட்டியில் அவுட்புட்டை அளந்து பாருங்கள். 10 வோல்ட்டைத் தாண்டினால் இணைக்காதீர்கள். 12 வோல்ட் சப்ளை போதும், 24 வேண்டாம். கிரவுண்டுகள் பிரிந்திருக்கின்றனவா என்று மின்சாரம் கொடுக்குமுன்பே மீட்டர் வைத்துப் பாருங்கள். டிம்மிங் கம்பி கழன்றாலே பல டிரைவர்கள் முழு வெளிச்சத்துக்குப் போய்விடும்; ஆகவே இரவில் விளக்கை அணைக்கத் தனியாக ஒரு டைமர் வையுங்கள்.