முத்தியால்பேட்டையில் ஆறு ஞாயிறுகள்: ஓர் உளப்பகுப்பாய்வு அறிமுக வகுப்பு

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் ஒரு வீட்டு மாடியில், ஞாயிறுதோறும் காலை 10 மணி முதல் 1 மணி வரை, ஆறு வாரங்கள் நடந்த ‘உளப்பகுப்பாய்வும் ஆளுமை வளர்ச்சியும்’ என்ற தமிழ்வழி வகுப்பில் கலந்துகொண்டேன். கட்டணம் 1,800 ரூபாய். கடலூரில் தொடக்கப்பள்ளி ஆசிரியையாக இருக்கும் நான், பயிற்சிக் காலத்தில், மனத்தில் நமக்கே தெரியாமல் நடப்பவற்றை ஆராயும் உளப்பகுப்பாய்வைத் தோற்றுவித்த சிக்மண்ட் பிராய்டின் ஐந்து வளர்ச்சிப் படிநிலைகளை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதியவள். அவற்றுக்கும் என் வகுப்பில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கும் என்ன தொடர்பு என்று ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை. அந்தக் குறையைத் தீர்த்துக்கொள்ளவே ஆறு வாரமும் பேருந்து ஏறினேன்.

முதலில் ஓர் எச்சரிக்கை. ‘ஆளுமை வளர்ச்சி’ என்ற சொல்லைப் பார்த்து, மேடையில் பேசவும் நேர்காணலில் தயங்காமல் பதில் சொல்லவும் கற்றுத் தருவார்கள் என்று நம்பி வந்த இருவர் முதல் வாரத்தோடு நின்றுவிட்டார்கள். இங்கே அந்தச் சொல், ஒரு குழந்தை எப்படி இன்ன குணமுள்ள மனிதராக உருவாகிறது என்ற பொருளிலேயே ஆளப்படுகிறது. விளம்பரத் தாளில் இதைத் தெளிவாக அச்சிட்டிருக்க வேண்டும்.

இரண்டாம் வாரம்தான் இந்த வகுப்பின் உயிர். 1923-இல் வெளியான நூலில் மனத்தை மூன்றாகப் பகுத்த பிராய்டு, அதற்கு எடுத்துக்கொண்டவை ஜெர்மன் மொழியில் சிறு குழந்தையும் பேசும் சொற்கள்: ‘எஸ்’ என்றால் அது, ‘இஷ்’ என்றால் நான், ‘யூபர் இஷ்’ என்றால் மேலிருக்கும் நான். ஆங்கிலத்தில் பெயர்த்தவர்கள் இலத்தீனைத் துணைக்கு அழைத்ததால் அவை இட், ஈகோ, சூப்பர் ஈகோ ஆயின. நம் ஊரிலோ ‘அவருக்கு ஈகோ அதிகம்’ என்றால் செருக்கு என்று பொருள். ஆசிரியர் பலகையில் ‘ஈகோ’வை அழித்துவிட்டு ‘நான்’ என்று எழுதிய பிறகே, ‘அது’ எழுப்பும் இச்சையின் நெருக்குதல், ‘மேலிருக்கும் நான்’ ஆக உள்ளே குடியேறிவிட்ட பெற்றோரின் தடை, வெளியுலகின் நிலவரம் ஆகிய மூன்றுக்கும் நடுவே நின்று சமாளிக்கும் பகுதியே இந்த ‘நான்’ என்பதும், அந்தச் சமாளிப்பில் பெரும்பங்கு நமக்கே தெரியாமல் நடக்கிறது என்பதும் எனக்கு விளங்கின.

அந்தச் சமாளிப்பின் வழிகளாகிய தற்காப்பு உத்திகளை மூன்றாம் வாரம் எடுத்தார். பிராய்டின் மகள் அன்னா பிராய்டு 1936-இல் தொகுத்து விளக்கியவை இவை. வேலையிடத்தில் வாங்கிய திட்டை வீட்டில் பாத்திரங்களின் மேல் இறக்கிவைப்பது இடமாற்றம். எட்டாத பழத்தைப் புளிக்கும் என்பது சாக்குக் கற்பித்தல். தன் எரிச்சலை ஒப்புக்கொள்ள முடியாமல் ‘அவள்தான் என்மேல் எரிச்சலாக இருக்கிறாள்’ என்று எண்ணுவது புறத்தெறிதல். ‘ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்’ என்ற பழமொழியையும் அவர் புறத்தெறிதலில் சேர்த்தார். எனக்கு அது சாக்குக் கற்பித்தலாகவே படுகிறது. இவை நோய் அல்ல, இவை இல்லாமல் ஒருவரும் ஒரு நாளைக் கடத்த முடியாது, ஒரே உத்தியை விடாமல் பற்றிக்கொண்டு வாழ்வே குறுகிப்போகும்போதுதான் தொல்லை என்று அவர் சொன்னது, என் பிள்ளைகளை நான் பார்க்கும் முறையை மாற்றியது. கணக்கு தப்பானால் நோட்டைக் கிழிக்கும் ஒரு மாணவனை இதுவரை முரடன் என்றே நினைத்திருந்தேன்.

குழந்தையின் இன்ப நாட்டம் அந்தந்த வயதில் உடலின் எந்தப் பகுதியைச் சுற்றி அமைகிறது என்பதை வைத்துப் பிராய்டு வகுத்த வாய்நிலை, குதநிலை முதலிய ஐந்து படிநிலைகளையும் கூச்சமின்றி, கண்ணியம் குறையாமல் விளக்கினார். அதைவிட மதிக்கத்தக்கது, அவற்றின் அடித்தளம் எவ்வளவு மெல்லியது என்பதை அவர் மறைக்காதது. பிராய்டு தம் கொள்கையைப் பெரும்பாலும் வியன்னாவில் தம்மிடம் வந்த பெரியவர்களின் நினைவுகளிலிருந்தே கட்டினார்; 1909-இல் வெளியிட்ட ‘சின்ன ஹான்ஸ்’ என்ற சிறுவனின் வரலாற்றிலும் சிகிச்சையை நடத்தியவர் அச்சிறுவனின் தந்தையே.

குறை கடைசி வாரத்தில் இருக்கிறது. ‘தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்’ என்ற பழமொழியோடு தொடங்கி, பிராய்டும் ஏறத்தாழ இதையே சொன்னார் என்று வகுப்பை நடத்தியவர், அதை மறுத்து வளர்ச்சி முதுமை வரை தொடர்கிறது என்று 1950-இல் எட்டுக் கட்டங்களை முன்வைத்த உளப்பகுப்பாய்வாளர் எரிக் எரிக்சனுக்கு நாற்பது நிமிடம் மட்டுமே ஒதுக்கினார். ஏறத்தாழ ஆறு முதல் பன்னிரண்டு வயது வரையிலான நான்காம் கட்டத்தில், தன்னால் ஒன்றைச் செய்து முடிக்க முடியும் என்ற நம்பிக்கை வேரூன்றுகிறது, அல்லது தாழ்வுணர்வு படிகிறது என்கிறார் எரிக்சன். அது என் வகுப்பறையேதான். நோட்டைக் கிழிக்கும் பிள்ளையைப் பற்றிக் கேட்க எழுந்தபோது நேரம் முடிந்துவிட்டது. 1922-இல் கல்கத்தாவில் இந்திய உளப்பகுப்பாய்வுக் கழகத்தைத் தொடங்கி, பிராய்டுடன் கடிதத்திலேயே வாதிட்ட கிரீந்திரசேகர் போஸ் பற்றியும் இரண்டு வரிகளே. நம் கூட்டுக்குடும்பப் பிள்ளைகளுக்கு இக்கொள்கை எவ்வளவு பொருந்தும் என்ற கேள்வியை அங்கிருந்து தொடங்கியிருக்கலாம்.

ஒன்றை அவசியம் சொல்ல வேண்டும். ஓர் அம்மையார் தம்மைத் துரத்தும் கனவை எல்லார் முன்னும் சொல்லத் தொடங்கியபோது, “இது வகுப்பு, சிகிச்சை இல்லைங்கம்மா” என்று ஆசிரியர் மென்மையாகத் தடுத்தார். இடைவேளையில் அவருடன் தனியே பேசி, மனநல மருத்துவரைப் பார்க்கும்படி சொன்னார். அரைகுறையாகக் கற்றதைக் கொண்டு அடுத்தவர் மனத்தை அளக்கும் ஆசை எளிதில் தொற்றும் இத்துறையில் இந்தக் கட்டுப்பாடு அரிது.

நகலெடுத்துத் தந்த குறிப்புகளில் எழுத்துப்பிழைகள் மிகுதி. தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு இவ்வகுப்பு தேவையில்லை. பிள்ளைகளோடு நாள் முழுவதும் இருக்கும் ஆசிரியர்களும் அங்கன்வாடிப் பணியாளர்களும் தயங்காமல் சேரலாம். அடுத்த முறை எரிக்சனுக்கு ஒரு முழு ஞாயிறு கிடைக்குமென்றால், அந்த ஒரு நாளுக்காகவே மீண்டும் கட்டணம் செலுத்தி வருவேன்.