இங்கிலாந்தில் ஜூரி சேவை: கோர்ட் வாங்கி வைக்கும் போனும் வீட்டுக்குத் திரும்பும் போனும்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும், பெரிய குற்ற வழக்குகளை விசாரிக்கும் கிரவுன் கோர்ட்டில் ஜூரியாக (தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழு; அதன் உறுப்பினர் ஜூரர்) உட்காரச் சம்மன் வந்தவர்கள் முதலில் கேட்பது இரண்டு கேள்வி. சம்பளம் என்னாகும்? போனைக் கொண்டுபோகலாமா? இரண்டாவதற்குக் கோர்ட் செய்து வைத்திருக்கும் ஏற்பாடு நல்ல ஏற்பாடு. முதலாவதற்குச் செய்திருப்பது போதாது. போன் விஷயத்தில் மட்டும் எல்லோரும் பயப்படுகிற இடம் ஒன்றாகவும், ஆட்கள் மாட்டிக்கொள்கிற இடம் வேறாகவும் இருக்கிறது. அந்த இடம் எது என்று சம்மனோடு வரும் தாள்கள் இன்னும் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும் என்பதுதான் இந்தச் சேவை மீதான பெரிய குறை.

முதலில் சம்மன். இந்தியாவிலிருந்து வந்தவர்கள் பலருக்கு இது அதிர்ச்சியாக இருக்கும், ஏனென்றால் அங்கே ஜூரி முறை போய் அரை நூற்றாண்டாகிவிட்டது. இலங்கைக்காரர்களுக்கு அவ்வளவு புதிதல்ல. அங்கே உயர் நீதிமன்றத்தில் ஜூரி இன்னும் உண்டு, 7 பேர், 5-க்கு 2 என்ற பெரும்பான்மை இருந்தால் தீர்ப்பு. இங்கே 12 பேர். “நான் இன்னும் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டே எடுக்கவில்லை, எனக்கு எப்படி வந்தது?” என்று கேட்பவர்கள் உண்டு. சட்டம் குடியுரிமையைக் கேட்கவில்லை. வாக்காளர் பட்டியலில் பெயர், 18 முதல் 75 வரை வயது, 13 வயதுக்குப் பிறகு ஐந்து ஆண்டாவது இந்த நாட்டில் வாசம், இவைதான் அடிப்படைத் தகுதிகள். காமன்வெல்த் நாட்டவர் என்ற முறையில் வாக்குரிமை எடுத்திருந்தால் இந்திய, இலங்கை பாஸ்போர்ட் வைத்திருப்பவரும் ஜூரியில் உட்காரலாம்.

பதில் 7 நாளுக்குள் போக வேண்டும். இணையத்தில் பதில் சொல்ல, சம்மனில் இருக்கும் ஒன்பது இலக்க ஜூரர் எண் தேவை. கண்டுகொள்ளாமல் விட்டால் 1,000 பவுண்ட் வரை அபராதம். ஊருக்கு டிக்கெட் போட்டிருக்கிறது, பரீட்சை இருக்கிறது என்றால் தள்ளிப்போடலாம். அது ஒரே ஒரு தடவைதான், 12 மாதத்துக்குள் வேறு தேதி கொடுக்க வேண்டும். ஆங்கிலத்தில் சாட்சியம் முழுவதையும் பின்தொடர முடியாது என்று நினைத்தால் பதில் எழுதும்போதே சொல்லிவிடுங்கள். மொழி போதாத ஜூரரை விடுவிக்க நீதிபதிக்கு அதிகாரம் உண்டு, அதில் வெட்கப்பட எதுவுமில்லை. அரைகுறையாகப் புரிந்துகொண்டு ஒருவரின் வாழ்க்கையைத் தீர்மானிப்பது அதைவிட மோசம்.

கட்டடத்துக்குள் போனைக் கொண்டுபோகலாம். வாசலில் பையைத் திறந்து பார்ப்பார்கள், உலோகச் சோதனை வளைவு வழியாக நடக்கச் சொல்வார்கள், அவ்வளவுதான். ஜூரர்கள் காத்திருக்கும் கூடத்தில் போன், டேப்லெட், லேப்டாப் எல்லாம் பயன்படுத்தலாம். பெரும்பாலான கோர்ட்டுகளில் வைஃபை இருக்கிறது. இது உண்மையில் உதவும், ஏனென்றால் ஜூரி சேவையின் பெரும்பகுதி காத்திருப்பு. வழக்கமாக 10 வேலை நாள் என்பார்கள். அதில் இரண்டு நாள் கூடத்திலேயே கழிந்து, பெயர் வராமலே வீட்டுக்கு அனுப்பப்படுவதும் நடக்கும். சார்ஜர் கொண்டுபோங்கள். ஆபீஸ் வேலை செய்யலாம் என்று மட்டும் ஆபீசுக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். எந்த நிமிடமும் பெயரைக் கூப்பிடுவார்கள்.

கோர்ட் அறைக்குள் நுழையும்போது போன் முழுக்க அணைந்திருக்க வேண்டும். சைலண்டில் போடுவது போதாது, அலாரம் சைலண்டிலும் அடிக்கும். கோர்ட்டுக்குள் படம் எடுப்பது 1925-ஆம் ஆண்டுச் சட்டப்படியே குற்றம். ஒலிப்பதிவுக்கு 1981-ஆம் ஆண்டு நீதிமன்ற அவமதிப்புச் சட்டம் இருக்கிறது. கூடத்தில் எடுத்த செல்ஃபியின் பின்னால் இன்னொரு ஜூரரின் முகம் இருந்தாலும் தொல்லைதான், அதையும் தவிர்த்துவிடுங்கள்.

சாட்சியம் எல்லாம் முடிந்து 12 பேரும் ஆலோசனை அறைக்குப் போகும்போதுதான் போனை வாங்கி வைப்பார்கள். 2015-இல் ஜூரிச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 15ஏ பிரிவு இதற்கான அதிகாரத்தை நீதிபதிக்குத் தருகிறது. கொடுக்க மறுத்தால் அவமதிப்பு. சட்டத்தின் சொற்களைப் பார்த்தால் சிக்னல் அனுப்பும், வாங்கும் எந்தக் கருவியும் இதில் அடக்கம். ஸ்மார்ட் வாட்சையும் கழற்ற வேண்டும். பழைய பேசிக் போனை மறைத்து வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம்.

இங்கே சிலர் முன்யோசனை இல்லாமல் தடுமாறுகிறார்கள். காரை ஆப்பில் காசு கட்டி நிறுத்தியிருந்தால், போன் பெட்டிக்குள் இருக்கும்போது நேரத்தை நீட்டிக்க முடியாது; அபராதச் சீட்டு காத்திருக்கும். ஜூரரின் பார்க்கிங் காசையும் முன்கூட்டி அனுமதி வாங்கியிருந்தால்தான் கோர்ட் தரும். ஆகவே ரயிலே நல்லது. பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்கும் வீட்டில் இருக்கும் வயதான அம்மா அப்பாவுக்கும் கோர்ட் அலுவலகத்தின் எண்ணைக் கொடுத்து வையுங்கள். அவசரம் என்றால் அஷர் (ஜூரர்களைக் கவனித்துக்கொள்ளும் கோர்ட் ஊழியர்) மூலம் செய்தி வந்து சேரும்.

சர்க்கரை நோயாளிகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. கையில் ஒட்டிய சென்சாரிலிருந்து சர்க்கரை அளவைப் போனில் பார்ப்பவர்கள் நம் ஆட்களில் நிறையப் பேர். போனை வாங்கி வைத்துவிட்டால் அளவு இறங்கும்போது வரும் எச்சரிக்கைச் சத்தமும் வராது. சம்மனுக்குப் பதில் எழுதும்போதே இதைச் சொல்லுங்கள், முதல் நாள் அஷரிடம் மறுபடி சொல்லுங்கள். தனி ரீடர் கருவி இருந்தால் அதைக் கொண்டுபோங்கள், விரலில் குத்திப் பார்க்கும் மீட்டரையும் பையில் வையுங்கள். ஆலோசனை அறைக்கதவு சாத்திய பிறகு இதை முதல் தடவையாகச் சொன்னால் எல்லோருக்கும் தாமதம்.

இதுவரை சொன்னது சுலபமான பாதி. மாலையில் போனைத் திருப்பிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்புவார்கள். முன்பு அப்படியில்லை. ஆலோசனை தொடங்கிவிட்டால் தீர்ப்பு வரும்வரை ஜூரர்கள் பிரியக் கூடாது, இரவானால் ஹோட்டலில் தங்க வைப்பார்கள். 1994-ஆம் ஆண்டுச் சட்டம்தான் இதைத் தளர்த்தியது. இப்போது சோபாவில் சாய்ந்துகொண்டு, கையில் போனோடு, காலையில் கேட்ட சாட்சியத்தை நினைத்துப் பார்க்கும்படி ஜூரரை விட்டிருக்கிறோம். மாட்டிக்கொள்கிற இடம் அந்தச் சோபாதான்.

வழக்கு நடக்கும்போது ஜூரர் தானாக ஆராய்வது 2015-லிருந்து தனிக் குற்றம், இரண்டு ஆண்டு வரை சிறை. குற்றவாளிக் கூண்டில் இருப்பவரின் பெயரைத் தேடுவது மட்டும் என்று நினைக்க வேண்டாம். நீதிபதி, வக்கீல், சாட்சி, அந்தக் குற்றத்துக்கான சட்டம், கோர்ட் நடைமுறை எல்லாமே அந்தப் பட்டியலில் இருக்கின்றன. இடத்தைப் போய்ப் பார்ப்பதும், வீட்டில் பரிசோதனை செய்து பார்ப்பதும், மகனைத் தேடிச் சொல்லச் சொல்வதும் ஆராய்ச்சிதான். சம்பவம் நடந்த தெருவை வரைபட ஆப்பில் பெரிதாக்கி, விளக்குக் கம்பம் எங்கே நிற்கிறது என்று பார்ப்பதும், “இந்தச் சட்டச் சொல்லுக்கு என்ன அர்த்தம்” என்று ஏஐ ஆப்பிடம் கேட்பதும் இதே வலையில்தான் விழும்.

இந்தச் சட்டம் வருவதற்கு முன்பே தண்டனைகள் விழுந்திருக்கின்றன. 2011-இல், மான்செஸ்டரில் நடந்த பெரிய போதைப்பொருள் வழக்கின் ஜூரர் ஒருவர், அதே வழக்கில் விடுதலையான பெண்ணோடு ஃபேஸ்புக்கில் பேசியதற்கு 8 மாதம் சிறை. 2012-இல், லூட்டன் கிரவுன் கோர்ட் ஜூரர் ஒருவர் குற்றம் சாட்டப்பட்டவரின் பழைய விவரத்தை இணையத்தில் தேடி மற்றவர்களிடம் சொன்னதற்கு 6 மாதம். அவர் பல்கலைக்கழக விரிவுரையாளர். விவரம் தெரியாதவர்கள்தான் இப்படிச் செய்வார்கள் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

தேடுவது ஏன் தப்பு என்பது புரிந்தால் விரல் தானாக நிற்கும். கோர்ட்டில் வரும் ஒவ்வொரு சாட்சியத்தையும் எதிர்த் தரப்பு குறுக்கு விசாரணை செய்ய முடியும். நீங்கள் இரவில் படித்ததை யாரும் மறுக்க முடியாது, ஏனென்றால் நீங்கள் படித்தது யாருக்கும் தெரியாது. அது அதே பெயருள்ள வேறொரு ஆளைப் பற்றிய செய்தியாகவே இருக்கலாம்.

சந்தேகம் வந்தால் அதற்கு வழி இருக்கிறது; இந்தச் சேவையிலேயே சிறந்த அம்சம் அதுதான். கேள்வியைத் தாளில் எழுதி அஷரிடம் கொடுங்கள். நீதிபதி அதை இரு தரப்பு வக்கீல்களுக்கும் காட்டி, கலந்துபேசி, எல்லோர் முன்னிலையிலும் பதில் சொல்வார். சொல்ல முடியாது என்றால் ஏன் என்றும் சொல்வார். ஒன்றை மட்டும் எழுதாதீர்கள்: எத்தனை பேர் எந்தப் பக்கம் நிற்கிறார்கள் என்ற எண்ணிக்கை. முதல் நாள் தரும் ஒரு பக்க அறிவிப்புத் தாளைத் தூக்கிப் போடாதீர்கள், எது கூடாது என்பது அதில் தெளிவாக இருக்கிறது.

தமிழ் தெரிந்த ஜூரருக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. சாட்சி தமிழில் பேச, மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தில் சொல்ல, இரண்டுக்கும் நடுவில் ஒரு வார்த்தை நழுவியதாக உங்களுக்குப் படலாம். அல்லது வாட்ஸ்ஆப் ஸ்கிரீன்ஷாட் ஒன்றில் ‘போட்டுடுவன்’ என்று தமிழில் இருக்க, மொழிபெயர்ப்பில் கொலை மிரட்டல் என்று வந்திருக்கலாம். ஆலோசனை அறையில் மற்ற பதினோரு பேருக்கும் நீங்கள் விளக்கம் சொல்லத் தொடங்கினால் ஜூரராக உட்கார்ந்தவர் சாட்சியாக மாறிவிடுகிறீர்கள். உடனே, அன்றைக்கே, நீதிபதிக்குத் துண்டுச்சீட்டு எழுதுங்கள். அதேபோல, தொடக்கத்தில் வாசிக்கப்படும், வழக்கில் சம்பந்தப்பட்டவர்களின் பெயர்களைக் கவனமாகக் கேளுங்கள். கோயிலில் பார்த்த முகம், தமிழ்ப் பள்ளியில் பிள்ளையோடு படிக்கும் பிள்ளையின் அப்பா என்றால் உடனே சொல்லிவிட வேண்டும். மூன்றாம் நாள் சொன்னால் வழக்கே முதலிலிருந்து தொடங்க நேரலாம்.

குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் “ஜூரிக்குப் போகிறேன், இரண்டு வாரம் பகலில் பதில் வராது” என்று எழுதினால் போதும். என்ன வழக்கு என்று சித்தப்பா கேட்பார். “முடியும்வரை சொல்ல முடியாது சித்தப்பா” என்பதைத் தவிர வேறு பதில் வேண்டாம். ஒரு குறிப்புக் கொடுத்தாலே பதிலுக்கு ஒருவர் செய்தி இணைப்பை அனுப்பிவிடுவார், தேடாமலே உங்கள் கண்ணில் பட்டுவிடும். அப்படிப் பட்டால் அழித்துவிட்டுச் சும்மா இருக்காமல் மறுநாள் காலை கோர்ட்டில் சொல்லுங்கள். சக ஜூரர் தேடியது தெரிந்தாலும் அப்படித்தான்; தீர்ப்புக்கு முன்பே சொல்ல வேண்டும்.

இனிப் பணம். முதலாளி லீவு தர வேண்டும், ஆனால் சம்பளம் தர வேண்டும் என்ற கட்டாயமில்லை. வருமான இழப்புக்குக் கோர்ட் தருவது, பல ஆண்டுகளாக இருந்த விகிதப்படி, முதல் பத்து நாளுக்கு நாளொன்றுக்கு அதிகபட்சம் 64.95 பவுண்ட், நாலு மணி நேரமோ அதற்குக் குறைவோ என்றால் 32.47. பதினோராம் நாளிலிருந்து 129.91. மதியச் சாப்பாட்டுக்கு 5.71. காருக்கு மைலுக்கு 31.4 பென்ஸ், சைக்கிளுக்கு 9.6. உங்கள் சம்மனோடு வரும் தாளில் விகிதத்தை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். கடை வைத்திருப்பவரின் கணக்கைப் பாருங்கள்: 2025 ஏப்ரலில் வந்த குறைந்தபட்சக் கூலியான 12.21 பவுண்டுக்கு ஒரு ஆளை எட்டு மணி நேரம் நிறுத்தினாலே 97.68 ஆகிறது. டாக்ஸி ஓட்டுபவருக்கும் இதே அடிதான். சேவையில் மன்னிக்க முடியாத குறை இது. நாள் கூலிக்காரர்களைக் காரணம் தேடித் தப்பிக்க வைப்பதே இதுதான். இழப்புச் சான்றிதழ்ப் படிவத்தை முதல் நாளுக்கு முன்பே முதலாளியிடம் நிரப்பி வாங்குங்கள், பயணச் சீட்டுகளைச் சேர்த்து வையுங்கள். போனில் இருக்கும் டிக்கெட் என்றால் அதன் படத்தையும் எடுத்து வையுங்கள். கோரிக்கைக்குக் காலம் 12 மாதம்.

வழக்கு முழுக்க முடிந்து நீதிபதி விடுவித்த பிறகு அதைப் பற்றித் தேடலாம், செய்தி படிக்கலாம். கோர்ட்டில் எல்லோர் முன்னிலையிலும் நடந்ததைச் சித்தப்பாவிடம் சொல்லலாம். கதவு சாத்திய ஆலோசனை அறையில் யார் என்ன சொன்னார், யார் எப்படி வாக்களித்தார் என்பதை மட்டும் சொல்லக் கூடாது; பத்து வருடம் கழித்து ஒரு வாட்ஸ்ஆப் வாய்ஸ் மெசேஜில் சொன்னாலும் அது குற்றம்தான். அறைக்குள் தவறு நடந்தது என்று நினைத்தால் கோர்ட்டிடமோ போலீசிடமோ சொல்லச் சட்டம் தனி வழி வைத்திருக்கிறது.